சைவம்தான் சாப்பிடுகிறேன், கொலஸ்ட்ரால் 248: ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 43. முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். சிகரெட், குடி இல்லை. கம்பெனியில் எடுத்த ஹெல்த் செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்டிஎல் ('கெட்ட கொலஸ்ட்ரால்') 168, ஹெச்டிஎல் ('நல்ல கொலஸ்ட்ரால்') 36, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 220. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 81 கிலோ. சுகரும் பிரஷரும் நார்மல். அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்து பைபாஸ் செய்திருக்கிறார்கள். டாக்டர் அட்டோர்வாஸ்டாடின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை) 20 மி.கி. எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, சீட்டு இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது. "கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கிளப்பிவிட்ட பூதம் என்கிறார்களே?" என்று முடித்திருக்கிறீர்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது, காகிதத்தில் இருக்கும் ஓர் எண்ணை நம்பி ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நியாயமான கேள்வி.

நான் பொது மருத்துவர். இதய நோய் நிபுணர் இல்லை. ஆனால் ஒரு மாவட்டத் தலைநகரில் கிளினிக் வைத்திருப்பவனுக்கு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட் பார்க்காத நாள் அபூர்வம். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். மாத்திரையைத் தொடங்குவதும் தள்ளிப்போடுவதும் உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

"நான் சைவம், எனக்கு எப்படி?" என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். செல்களின் சவ்வு, பித்தநீர், ஆண் பெண் ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் கொலஸ்ட்ரால் தேவை. அவ்வளவு முக்கியமான பொருளுக்கு உடம்பு சாப்பாட்டை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. செடிகொடிகளில் விளைந்த எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்றே சொல்லிவிடலாம். கடலை எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் எந்தக் காலத்திலும் எந்தக் கடலை எண்ணெயிலும் அது இருந்ததில்லை. சைவர்கள் கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், வனஸ்பதி, பேக்கரியில் வாங்கும் பப்ஸ், வெண்ணெய் பிஸ்கட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். எல்டிஎல் துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அவற்றின் வேலை மந்தமாகும், ரத்தத்தில் எல்டிஎல் தேங்கும். இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அமெரிக்காவின் டல்லாஸில் பணியாற்றிய மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிகள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கும் என்பதில் பெற்றோர் கொடுத்த மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிடும் அண்ணனுக்கு 110, தம்பிக்கு 170 என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் அந்தப் பூதக் கதை. 1913இல் ரஷ்யாவில் நிகொலாய் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து அவற்றின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முதல் ஸ்டாடின் மருந்து கடைக்கு வந்தது 1987இல். இடையில் 74 வருடங்கள். இல்லாத மாத்திரையை விற்பதற்காக யாரும் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே சதி செய்ய முடியாது. சரி, முயல் மனிதன் இல்லை என்பது நியாயமான ஆட்சேபம்தான். புல் தின்னும் பிராணிக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்ததை மட்டும் வைத்து யாரும் இன்று மருந்து எழுதுவதில்லை.

நான் நம்புவதற்குக் காரணம், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வழிகளில் போனவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒன்று, பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக உள்ள குடும்பங்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த குழந்தைகளுக்கு, வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாமலேயே, பள்ளிக்கூட வயதில்கூட மாரடைப்பு வந்திருக்கிறது. இரண்டு, அதற்கு நேர் எதிரான அதிர்ஷ்டசாலிகள். பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்த கறுப்பின அமெரிக்கர்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. இவர்கள் யாரும் மாத்திரை சாப்பிட்டவர்கள் இல்லை. மூன்று, மருந்துச் சோதனைகள். ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 1994இல் வெளிவந்த ஆய்வில், சிம்வாஸ்டாடின் சாப்பிட்டவர்களிடையே மொத்த மரணங்களே 30 சதவீதம் குறைந்தன. பின்னால் வந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, எல்டிஎல் 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று சொல்கிறது. எல்டிஎல் ரத்தக்குழாய் நோயை உண்டாக்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கம்பெனிகளைப் பற்றிய உங்கள் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று பெயர் எடுத்த ஹெச்டிஎல்லை உயர்த்தினால் இதயம் பிழைக்கும் என்று நம்பிப் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்டிஎல்லை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் கூடியதால் 2006இல் ஃபைசர் நிறுவனம் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. நியாசின் மருந்தும் பின்னால் இதே வழியில் கைவிடப்பட்டது. ஹெச்டிஎல் குறைவாக இருப்பது ஆபத்துக்கு ஓர் அடையாளம் என்பது உறுதி. அதை மருந்தால் ஏற்றினால் ஆபத்து குறையும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் 36ஐ 45 ஆக்கக் காப்ஸ்யூல் தேடி அலைய வேண்டாம். இன்னொன்று, அட்டோர்வாஸ்டாடினின் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிவிட்டது. இன்று பல கம்பெனிகள் சில ரூபாய்க்கு விற்கும் மாத்திரை அது. அதை எதிர்த்துப் பேசும் வீடியோவின் கடைசியில் விற்கப்படும் மூலிகைப் பொடி எவ்வளவு என்று பார்த்தீர்களா?

உடம்பில் தொந்தரவு ஏதும் இல்லையே என்பதற்கு வருகிறேன். சிங்க்கின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பதைப் போலப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நடப்பது அப்படியல்ல. எல்டிஎல் துகள்கள் குழாய்ச் சுவருக்குள்ளேயே புகுந்து மாட்டிக்கொள்கின்றன. அவற்றைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிரம்பி அங்கேயே கிடக்கின்றன. சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்து இடம் கொடுப்பதால் ரத்த ஓட்டம் நீண்ட காலம் குறைவதே இல்லை. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. பெரும்பாலான மாரடைப்பு இப்படித்தான் வருகிறது. டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று வீட்டுக்குப் போனவருக்கு அடுத்த மாதம் மாரடைப்பு வந்தால் ஊரே டாக்டரைத் திட்டும். பாதிக் குழாய்கூட அடைபடாத படிவை அந்த டெஸ்ட் பொதுவாகக் காட்டாது. இந்த வேலை இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் எழுதினார்கள். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு இதய ரத்தக்குழாயில் நோயின் அடையாளம் ஏதோ ஓர் அளவில் இருந்தது. ஆக, 168 என்ற எண் இந்த வாரம் உங்களை ஒன்றும் செய்யாது. எத்தனை வருடம் அந்த அளவில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இனி உங்கள் ரிப்போர்ட். எல்டிஎல்லைப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழியுங்கள்: 248, 36, 44. மிச்சம் 168. உங்கள் ரிப்போர்ட்டில் அதே எண்தானே? ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. உங்களைப் போல 220 இருப்பவர்களுக்கு நான் இன்னொரு எண்ணைப் பார்ப்பேன்: மொத்தத்தில் ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் வருவது, 212. குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களும் அதில் அடங்கிவிடும். அதற்குச் சாப்பிடாமல் போக வேண்டிய அவசியமும் இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆபத்து குறைந்தவர்களுக்கே எல்டிஎல் 100க்குக் கீழும் இந்த இரண்டாவது எண் 130க்குக் கீழும் இருக்கச் சொல்கிறார்கள். ஆபத்து அதிகமானவர்களுக்கு எல்டிஎல் 70, இதய நோய் வந்துவிட்டவர்களுக்கு அதைவிடவும் கீழே. ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்திருக்கும் விகிதங்களை மறந்துவிடுங்கள்.

குறைந்த ஹெச்டிஎல், கூடிய ட்ரைகிளிசரைடு, கொஞ்சம் தொப்பை: இந்த மூன்றும் சேர்ந்து வருவது நம் ஊரில் சர்வ சாதாரணம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், 100 பேரில் 72 பேருக்கு ஹெச்டிஎல் குறைவு. எல்டிஎல் அதிகம் இருந்தவர்கள் 12 பேர்தான். இதில் எண்ணெயைவிட அரிசி, மைதா, சர்க்கரை, உட்கார்ந்தே இருக்கும் வேலை ஆகியவற்றுக்குப் பங்கு அதிகம். நல்ல செய்தி என்னவென்றால், ட்ரைகிளிசரைடு சொன்ன பேச்சு கேட்கும். நீங்கள் ஐந்தாறு கிலோ குறைத்து, இனிப்பையும் ராத்திரி இரண்டாம் தட்டு சோற்றையும் விட்டால் அது இறங்கிவிடும். எல்டிஎல் அப்படி இறங்காது.

உணவைப் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்கிறேன். தினமும் ஒரு கப் அளவுக்கு வேகவைத்த பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு மாதிரி ஏதாவது சாப்பிட்டால் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் குறையும். ஓட்ஸும் ஏறக்குறைய அவ்வளவே. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 சதவீதம் இறங்கும், உங்கள் 168 சுமார் 145 ஆகும். நடைப்பயிற்சி வேறு பல வகையில் நல்லது, எல்டிஎல்லை மட்டும் அதிகம் அசைக்காது. மரச்செக்கில் ஆட்டினாலும் மெஷினில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். செக்கு அதை மாற்றாது. அது எல்டிஎல்லை ஏற்றுகிறது என்பது தெளிவு. அதனால் மாரடைப்பு எவ்வளவு கூடுகிறது என்பது அவ்வளவு தெளிவில்லை. கேரளத்தில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு வருடம் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று பிரித்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மாரடைப்பைக் கணக்கிட 200 பேர் போதாது. நான் பொதுவாக நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்வேன். அவியலுக்கு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டதற்காக யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. முட்டை உங்களுக்குத் தேவையில்லாத பேச்சு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: நாளுக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை, சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பூண்டு கொஞ்சம்தான் குறைக்கும். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இயற்கை மருந்தாக விற்கிறார்கள், அது உண்மையில் வேலை செய்யும். காரணம், அதிலிருப்பது லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடினேதான். எவ்வளவு இருக்கிறது என்றுதான் யாரும் அளந்து தருவதில்லை.

மாத்திரையின் மறுபக்கம். தசைவலி உண்மையிலேயே சிலருக்கு வரும், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. லண்டனில், பக்கவிளைவு என்று ஸ்டாடினை விட்டுவிட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெறும் மாவு மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் வந்த முடிவு: ஸ்டாடின் மாதங்களில் இருந்த தொந்தரவில் 90 சதவீதம் மாவு மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யில்லை, வந்த இடம் வேறு. சுகர் சற்றுக் கூடுவது உண்மை. பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் அது சர்க்கரை நோயாக மாறுகிறது. அதனால் தொடங்கும் முன் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பார்த்துவிடுங்கள். கல்லீரல் என்சைம் மூன்று மடங்குக்கு மேல் ஏறினால் நிறுத்துவோம், அது அபூர்வம். கொழுப்பு ஈரல் என்று ஸ்கேனில் வந்தவர்களும் சாப்பிடலாம். கிட்னியைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. கடுமையான தசைச் சிதைவு மிக மிக அரிது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளோடு சேரும்போதுதான் அந்த ஆபத்து கூடும் என்பதால் வேறு டாக்டரிடம் போனாலும் ஸ்டாடின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் டாக்டரிடம் பேசி நிறுத்திவிட வேண்டும். "ஆரம்பித்தால் விட முடியாது" என்பதில் பாதி உண்மை. உடம்பு அதற்கு அடிமையாவதில்லை, எந்த நாளும் விடலாம். விட்டால் சில வாரத்தில் எல்டிஎல் பழைய இடத்துக்குப் போய்விடும்.

பலன் எவ்வளவு? இது வெறும் விளக்கக் கணக்கு, உங்கள் ஜாதகமில்லை: பத்து வருடத்தில் 100 பேரில் 10 பேருக்கு மாரடைப்பு வரக்கூடிய ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் எல்டிஎல் இருக்கும் அளவிலிருந்து 70 மி.கி. குறைந்தால் பத்து பேர் என்பது ஆறேழு பேராகும். 90 பேருக்கு மாத்திரை இல்லாமலும் ஒன்றும் வந்திருக்காது. ஆறேழு பேருக்கு மாத்திரை போட்டும் வரும். நீங்கள் இதில் யார் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆபத்தை எடைபோட இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பெரும்பாலும் மேலை நாட்டு மக்களை வைத்துச் செய்தவை, நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்ற நாட்டவருக்கு 59. உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது 248ஐவிட அந்த 51தான். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு என்றால் மகனின் ஆபத்தை ஒரு படி மேலே தூக்கி வைத்துத்தான் பேச வேண்டும்.

என் எதிரில் உட்கார்ந்திருந்தால் இப்படிச் சொல்வேன். முதலில் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹெச்பிஏ1சி, கிட்னிக்குக் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி பாருங்கள். தைராய்டு குறைவாலேயே எல்டிஎல் ஏறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கூடவே வாழ்நாளில் ஒரு தடவை லைப்போபுரோட்டீன் (ஏ). இது எல்டிஎல்லைப் போன்ற இன்னொரு கொழுப்புத் துகள், பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் மாறாது. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் உங்களுக்கு மாத்திரை பற்றிய விவாதமே முடிந்துவிட்டது. எல்லாம் நார்மல் என்றால், என் சாய்வு இப்போதே தொடங்கலாம் என்ற பக்கம்தான். 20 மி.கி.யில் உங்கள் 168 நூறுக்குச் சற்றுக் கீழே வரும், சாப்பாட்டைச் சரிசெய்தால் இன்னும் இறங்கும். "மூன்று மாதம் உணவில் முயன்று பார்க்கிறேன் டாக்டர்" என்றால் சண்டை போட மாட்டேன், தேதி குறித்துக்கொண்டு திரும்பி வந்து ரத்தம் கொடுப்பதாக இருந்தால். பர்ஸில் சீட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டையும் மாற்றாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்காத வழி. இன்னும் மனம் ஊசலாடினால் இதயத்தில் சுண்ணாம்புப் படிவை அளக்கும் சிடி ஸ்கேன் ஒன்று உண்டு. படிவு இருந்தால் முடிவு எளிது. ஆனால் 43 வயதில் பூஜ்யம் வந்தால் பெரிதாகச் சந்தோஷப்பட முடியாது, இளம் வயதுப் படிவில் இன்னும் சுண்ணாம்பு ஏறியிருக்காது. தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப லிப்பிட் பாருங்கள். இலக்கு எட்டவில்லை என்றால் டோஸை இரட்டிப்பாக்குவதில் கூடுதலாக 6 சதவீதம்தான் கிடைக்கும். எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது பல சமயம் புத்திசாலித்தனம். 75 வயதைத் தாண்டி, இதய நோயே இல்லாத ஒருவருக்குப் புதிதாகத் தொடங்க வேண்டுமா என்று கேட்டிருந்தால் இவ்வளவு திடமாகப் பேசியிருக்க மாட்டேன். அங்கே ஆதாரம் மெலிவு.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா இப்போது ஸ்டாடின் சாப்பிடுகிறாரா என்று அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பைபாஸ் செய்தாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாலைந்து வருடத்தில் விட்டுவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பைபாஸில் வைத்த குழாயிலும் கொழுப்பு படியும். உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று இவ்வளவு பேசினோம், அவர் விஷயத்தில் பேச ஒன்றுமில்லை, அவருக்குக் கட்டாயம் வேண்டும். அவர் எல்டிஎல் 55க்குக் கீழ் இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் யாராவது இன்னும் லிப்பிட் பார்க்காமல் இருந்தால் இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் யாருக்காவது 190க்கு மேல் எல்டிஎல் வந்தால் அது பரம்பரை நோயாக இருக்க வாய்ப்புண்டு. அப்போது அவர்கள் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவைப்படும்.